தாய்க்குத் துணை நிற்கும் தொழில்கள்



பிரசவம் என்றதும் நம் கண்முன் வருபவர்கள் யார்? ஒரு டாக்டர், ஒரு நர்ஸ். இந்த இருவரையும் விட்டால் அங்கே வேறு வேலையே கிடையாது என்றுதான் நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். "மார்க் வந்தா டாக்டர், கொஞ்சம் குறைஞ்சா நர்ஸ், அதுவும் இல்லேன்னா வேற ஏதாவது" என்று வீட்டிலும் பேச்சு முடிந்துவிடுகிறது.

ஆனால் ஒரு பெண் கருவுற்ற நாள் முதல் அந்தக் குழந்தைக்கு இரண்டு வயது முடியும் வரை கணக்குப் போட்டுப் பாருங்கள். சுமார் 1000 நாட்கள்! இந்த 1000 நாளில் அவள் டாக்டருக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் நேரத்தை எல்லாம் கூட்டினால் ஒரு முழு நாள் தேறுமா என்பது சந்தேகம். மீதி நாட்களில் அவளுக்கு வேண்டிய உதவி மருந்தோ ஊசியோ அல்ல. பக்கத்தில் ஒரு ஆள், சரியான ஒரு சொல், ஒரு கை உதவி. இந்த உதவியைப் படித்துச் செய்யலாம், பயிற்சி பெற்றுச் செய்யலாம், சம்பளம் வாங்கியும் செய்யலாம். அந்தத் தொழில்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததை நம் மலர் வழியாக உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆஸ்பத்திரி வந்தது, ஆள் போனது

நம் மாநிலத்தில் இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். 2019-21ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன. இது பெருமைப்பட வேண்டிய விஷயம். எத்தனையோ உயிர்கள் இதனால் பிழைத்திருக்கின்றன. அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: நம் மாநிலத்தில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன்!

முன்பு யார் பார்த்தார்கள்? ஊரில் மருத்துவச்சி இருந்தார். பல ஊர்களில் முடிதிருத்தும் சமூகத்துப் பெண்கள்தான் இந்த வேலையைச் செய்தார்கள். கூலி என்று பார்த்தால் கொஞ்சம் நெல், ஒரு சேலை. நடுராத்திரியில் அழைத்துப் போய்ப் பிள்ளையைக் கையில் வாங்கச் சொன்ன அதே வீடு, மறுநாள் 'தீட்டு' என்று அவரைத் திண்ணைக்குக் கீழே நிறுத்தியதும் உண்டு. இன்றைக்கும் இந்த வேலைகளை நாம் மட்டமாகப் பார்க்கிறோம் என்றால் அதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

மருத்துவச்சி செய்ததில் மருத்துவப் பகுதியை டாக்டரும் நர்ஸும் எடுத்துக்கொண்டார்கள். நல்லதே. ஆனால் அவர் செய்த மற்ற வேலைகள்? வலி வரும்போது முதுகைத் தேய்த்துவிட்டது, பயப்படாதே என்று கூடவே இருந்தது, பிள்ளையைக் குளிப்பாட்டியது, பால் கட்டிக்கொண்டால் வழி சொன்னது? அவற்றை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. "அம்மா வீடு இருக்கே" என்பார்கள். அம்மா வேலைக்குப் போனால்? அம்மா இல்லையென்றால்? பெங்களூரில் ஒற்றை அறையில் குடியிருந்தால்?

வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. 2002ல் வெளிவந்தது. பிள்ளை பெற்ற பெண்களில் 100க்கு 11 பேருக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு நோய் வந்திருந்தது. அதற்குத் தொடர்புடையவை என்று ஆய்வாளர்கள் சொன்னவற்றைக் கவனியுங்கள்: குறைந்த வருமானம், மகனை எதிர்பார்த்து மகள் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், அப்புறம் கை உதவிக்கு ஆள் இல்லாதது! இதில் எதற்கு நாம் ஊசி போட முடியும்? நோய் வந்த பிறகு வைத்தியம் வேண்டும், சரி. வருவதற்கு முன் வேண்டியது ஆள்.

இனி தொழில்களுக்கு வருவோம்.

1. பிரசவத் துணை

இவரை வெளிநாட்டில் 'டூலா' என்கிறார்கள். கிரேக்கச் சொல். பணிப்பெண் என்று பொருள். அமெரிக்க மானிடவியலாளர் டேனா ரஃபேல் 1973ல் எழுதிய தாய்ப்பால் பற்றிய நூலில் இச்சொல்லைப் பயன்படுத்தினார். அதன்பின் அது பரவியது. டூலா பிரசவம் பார்க்க மாட்டார். ஊசி, மருந்து எதையும் தொட மாட்டார். வலி தொடங்கியது முதல் பிள்ளை பிறக்கும் வரை கூடவே இருப்பார். மூச்சு விடச் சொல்லித் தருவார், இடுப்பை அழுத்திவிடுவார், நடக்க வைப்பார், தண்ணீர் கொடுப்பார், டாக்டர் சொன்னதைப் புரியும்படி எடுத்துச் சொல்வார். அவ்வளவுதான்.

"அவ்வளவுதானா? இதுக்கு ஒரு வேலையா?" என்று கேட்பீர்கள். கென்னல், கிளாஸ் என்ற இரண்டு குழந்தை மருத்துவர்களும் அவர்களுடைய குழுவினரும் குவாத்தமாலா நாட்டு மருத்துவமனை ஒன்றில் சோதித்துப் பார்த்து 1980ல் முடிவை வெளியிட்டார்கள். தனியாக விடப்பட்ட பெண்களுக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து பிரசவம் வரை சராசரியாக 19 மணி நேரத்துக்கு மேல் ஆனது. முன்பின் தெரியாத ஒரு பெண் பக்கத்தில் இருந்தவர்களுக்கு 9 மணி நேரத்துக்குள் முடிந்தது. அது சின்ன ஆய்வு. பிறகு 17 நாடுகளில், 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017ல் கணக்குப் பார்த்தார்கள். வலி நேரம் குறைந்தது சுமார் 40 நிமிடம்தான். ஆனால் சிசேரியன் வாய்ப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது!

இது எப்படி? நம் பாடத்திலேயே விடை இருக்கிறது. ஃபீட்பேக்! பிள்ளையின் தலை கர்ப்பப்பை வாயை அழுத்துகிறது. அந்தச் செய்தி மூளைக்குப் போகிறது. மூளை ஆக்சிடோசினைச் சுரக்கிறது. கர்ப்பப்பை இன்னும் பலமாகச் சுருங்குகிறது, தலை இன்னும் அழுத்துகிறது. இது பாசிட்டிவ் ஃபீட்பேக். பிள்ளை பிறந்தால்தான் இந்த லூப் நிற்கும். நடுவில் பயம் வந்தால் என்ன ஆகும்? அட்ரினலின் கூடுகிறது. அது சுருக்கத்தைத் தளர்த்திவிடக்கூடியது. ஆம்ப்ளிஃபயரில் நாய்ஸ் நுழைந்த மாதிரி! பக்கத்தில் இருக்கும் ஆள் அந்த நாய்ஸைக் குறைக்கிறார்.

என் அக்காவின் தலைப்பிரசவத்தில் அக்கா லேபர் வார்டுக்கு உள்ளே, எங்க அம்மா கதவுக்கு வெளியே. இரவு முழுக்க அப்படித்தான். "டாக்டர் நல்லாத்தான் பார்த்தாங்க. ஆனா என் கையைப் பிடிச்சுக்க ஒருத்தர் இருந்திருந்தா அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்" என்று பிறகு அக்கா சொன்னாள். அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையை அனுமதிக்கலாம் என்று மத்திய அரசு 2016ல் சொன்னது. தமிழ்நாடு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இதைத் தொடங்கியிருந்தது. துணை வருபவர் பிள்ளை பெற்ற அனுபவமுள்ள உறவுக்காரப் பெண்ணாக இருக்க வேண்டும், தொற்று நோய் இருக்கக் கூடாது, ஊழியர்கள் வேலையில் தலையிடக் கூடாது. இவைதான் நிபந்தனைகள். உலக சுகாதார நிறுவனமும் 2018ல் இதைப் பரிந்துரைத்தது. எனவே உங்கள் வீட்டில் பிரசவம் என்றால் "உள்ளே ஒருத்தர் இருக்கலாமா?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

தொழிலாகச் செய்ய விரும்புவோருக்கு: பெரிய நகரங்களில் தனியார் மருத்துவமனைக்குப் போகும் குடும்பங்கள் டூலாக்களை அமர்த்துகிறார்கள். நம் நாட்டில் இதற்குத் தனியாக அரசு உரிமமோ பதிவோ இல்லை. பயிற்சி தருவது தனியார் அமைப்புகள்தான்.

2. தாய்ப்பால் ஆலோசகர்

"பால் பத்தலை" என்ற சொல்லைக் கேட்காத வீடு உண்டா? உடனே டப்பா பால். அதற்கு முன்னால் சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீர். சில ஊர்களில் கழுதைப்பால். முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடுவதும் உண்டு. குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சக்தி தருவதே அந்தச் சீம்பால்தான்!

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் மற்ற உணவோடு சேர்த்து இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பால் சுரப்பது தண்ணீர்த் தொட்டி மாதிரி அல்ல. எடுக்க எடுக்கத்தான் சுரக்கும். குழந்தை சப்பும் முறை சரியில்லை என்றால் காம்பு புண்ணாகும், வலிக்குப் பயந்து தாய் கொடுப்பதைக் குறைப்பாள், சுரப்பும் குறையும். உட்காரும் விதத்தையும் குழந்தையைப் பிடிக்கும் விதத்தையும் மாற்றினாலே பல சமயம் சரியாகிவிடும். இதை நேரில் பார்த்துத் திருத்துவதுதான் ஆலோசகர் வேலை.

இதற்கென உலக அளவில் 1985 முதல் தேர்வு நடக்கிறது. சுகாதார அறிவியல் பாடங்களும் தாய்மார்களோடு நேரடிப் பயிற்சியும் முடித்தவர்கள்தான் எழுத முடியும். நம் நாட்டில் 1991ல் தொடங்கிய இந்தியத் தாய்ப்பால் ஊக்குவிப்பு அமைப்பும் பயிற்சிகள் நடத்துகிறது. 1992ல் வந்த சட்டப்படி, குழந்தைகளுக்கான பால் பவுடரையும் பால் புட்டியையும் விளம்பரம் செய்யக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியுமா? விளம்பரத்தைச் சட்டம் தடுத்துவிட்டது. பக்கத்து வீட்டு யோசனையைத் தடுக்க ஆள்தான் வேண்டும்.

3. வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்பவர்

பிள்ளையைக் குளிப்பாட்ட, துணி அலச, பத்தியச் சாப்பாடு செய்ய என்று நம் ஊர்களில் சில பெண்மணிகள் வீடு வீடாகப் போகிறார்கள். வட இந்தியாவில் இவர்களை 'ஜாப்பா' என்கிறார்கள். சுமார் 40 நாள் வேலை. கூலி பேசுகிற பேச்சைப் பொறுத்தது.

இதே வேலை நெதர்லாந்தில் எப்படி நடக்கிறது தெரியுமா? 'கிராம்சோர்க்' என்று பெயர். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பயிற்சி பெற்ற ஒருவர் முதல் எட்டுப் பத்து நாள் வருவார். குறைந்தது 24 மணி நேரம், அதிகபட்சம் 80 மணி நேரம். தாயையும் சேயையும் கவனிப்பார், பாலூட்ட உதவுவார், குளிப்பாட்டக் கற்றுக்கொடுப்பார், வீட்டு வேலையும் பார்ப்பார். ஏதாவது சரியில்லை என்றால் உடனே மருத்துவச்சிக்குத் தகவல் போகும். செலவின் பெரும் பகுதியை அடிப்படை மருத்துவக் காப்பீடு கொடுத்துவிடுகிறது. பணக்காரர், ஏழை என்ற பேதம் இல்லை.

இந்த வேலைக்கு அங்கே என்ன படிக்கணும்? பல்கலைக்கழகப் பட்டம் அல்ல. நம்மைப் போலத் தொழிற்கல்விதான்! நம் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியிடம் பேரம் பேசி வாங்கும் வேலையை அங்கே பாடத்திட்டம், தேர்வு, சம்பளம் எல்லாம் வைத்துத் தொழிலாக்கியிருக்கிறார்கள். வேலை ஒன்றுதான், மரியாதைதான் வேறு.

4. அங்கன்வாடியும் ஆஷாவும்

நாம் 'பால்வாடி' என்று சொல்லும் அங்கன்வாடி, 1975 அக்டோபர் 2ல் நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் பகுதி. பிள்ளைகளைத் தூங்க வைக்கிற இடம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் சத்துமாவு தருவது, குழந்தையின் எடை பார்த்துப் பதிவது, வீட்டுக்குப் போய் விசாரிப்பது எல்லாம் அங்கிருந்துதான் நடக்கின்றன. 2025ல் நம் மாநிலத்தில் வந்த அறிவிப்பில் பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்பும் உதவியாளருக்குப் பத்தாம் வகுப்பும் தகுதி. முதல் ஓராண்டுக்குத் தொகுப்பூதியம்: பணியாளருக்கு மாதம் 7,700 ரூபாய், உதவியாளருக்கு 4,100 ரூபாய். அதன் பிறகுதான் சிறப்புக் காலமுறை ஊதியம்.

ஆஷா திட்டம் 2005ல் தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தில் வந்தது. கர்ப்பிணியைத் தேடிப் போய்ப் பதிவு செய்ய வைப்பது, பரிசோதனைக்கும் பிரசவத்துக்கும் கூடவே போவது இவர்கள் வேலை. இந்திய ஆஷாக்களுக்கு 2022ல் உலக சுகாதார நிறுவனம் விருது கொடுத்தது. உலகமே கைதட்டியது. ஆனால் நாடு முழுவதும் ஆஷாக்கள் இன்னமும் கேட்பது நிரந்தரச் சம்பளம்.

5. நம் டிப்ளமோவுக்கும் இடம் உண்டு

"இதெல்லாம் பொண்ணுங்க சமாச்சாரம்" என்று பக்கத்தைப் புரட்டப் போகும் பையன்களே, கொஞ்சம் நில்லுங்கள்!

மின்னணுவியல், மின்னியல் படிப்போருக்கு: பிறந்த குழந்தையைக் கிடத்தும் வார்மர் கருவியைப் பாருங்கள். மேலே ஹீட்டர், குழந்தையின் தோலில் ஒட்டிய தெர்மிஸ்டர் புரோப், நடுவில் கன்ட்ரோலர். தோல் சுமார் 36.5 டிகிரியில் இருக்கும்படி ஹீட்டரைக் கூட்டிக் குறைக்கும். நாம் லேபில் செய்யும் நெகட்டிவ் ஃபீட்பேக்தான். அந்தப் புரோப் கழன்று விழுந்தால்? குளிர்கிறது என்று கருவி நினைத்துக்கொண்டு ஹீட்டரை முழு வேகத்தில் எரிக்கும்! அதற்குத்தான் அலாரம். அந்த அலாரம் வேலை செய்கிறதா என்று பார்க்கும் டெக்னீஷியன் ஒரு உயிரைக் காக்கிறார். பிரசவ வார்டில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓட வேண்டும் என்று பார்த்துக்கொள்பவரும் அப்படியே.

கணினிப் பிரிவினருக்கு: கர்ப்பத்தைப் பதிந்ததும் தரும் 'பிக்மி' எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்கப் படும் பாடு ஊருக்கே தெரியும். அந்த மென்பொருள், அதில் பிழையில்லாத பதிவு, எல்லாம் நம் ஆட்கள் வேலை.

இயந்திரவியல், ஆட்டோமொபைல் பிரிவினருக்கு: 2008ல் நம் மாநிலத்துக்கு வந்த 108 ஊர்தியின் ஓட்டுநருக்குப் 'பைலட்' என்றே பெயர். பிரசவம் முடிந்து தாயையும் சேயையும் இலவசமாக வீட்டில் விடும் 102 தாய் சேய் நல ஊர்தியும் உண்டு.

குழந்தைகள் காப்பகம் நடத்த விரும்புவோருக்கு: 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2020ல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இது உண்டு. திருப்பூரிலும் கோவையிலும் எத்தனை மில்கள்! சட்டம் ஒழுங்காக நடந்தால் எத்தனை பேருக்கு வேலை!

சேவையா, வேலையா?

எங்க அம்மா அங்கன்வாடி உதவியாளர். ஊரில் 'ஆயா' என்பார்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். என் ஃபீஸ் அந்த ஆயா வேலையில் வந்ததுதான். ஒரு அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தபோது, தாயின் தொழில் என்ற இடத்தில் 'அங்கன்வாடி உதவியாளர்' என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு 'இல்லை' என்று எழுதினார்கள். "அது வேலை இல்லம்மா, சேவை. மதிப்பூதியம்தானே" என்றார்கள். காலை எட்டரைக்குப் போய் அடுப்புப் பற்றவைப்பவரின் தொழில் 'இல்லை'!

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அங்கன்வாடி ஊழியர்கள் வகிப்பது அரசுப் பதவி அல்ல என்று 2006ல் ஒரு தீர்ப்பு வந்தது. 2022 ஏப்ரல் 25ல் வந்த இன்னொரு தீர்ப்பு, பணிக்கொடைச் சட்டப்படி இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்றது. ஓய்வு பெறும்போது பணிக்கொடை வாங்கத் தகுதி உண்டு என்றால் அதுவரை செய்தது வேலைதானே?

சேவை என்ற சொல் நல்ல சொல். ஆனால் அதைச் சொல்லிச் சம்பளத்தைக் குறைக்கிறார்கள் என்றால் நாம் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். டாக்டர் செய்வதும் சேவைதான். அவருக்கு யாரும் மதிப்பூதியம் கொடுப்பதில்லை.

இறங்குவோர் கவனத்திற்கு

1. எல்லை தெரிய வேண்டும். இரத்தப்போக்கு, வலிப்பு, கடும் தலைவலி, காய்ச்சல், குழந்தை பால் குடிக்காமை போன்றவற்றைக் கண்டால் வைத்தியம் பார்க்கக் கூடாது. உடனே 108.

2. பணத்தைக் கட்டி ஒரு வாரத்தில் சான்றிதழ் வாங்கலாம் என்று சொல்லும் இடங்களை நம்பாதீர்கள். யார் கற்றுத் தருகிறார்கள், தாய்மார்களோடு நேரடிப் பயிற்சி உண்டா, முன்பு படித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

3. ஒரு வீட்டில் பார்த்ததை இன்னொரு வீட்டில் பேசக் கூடாது. இந்தத் தொழிலின் முதல் பாடமே இதுதான்.

4. பிறந்தது பெண் குழந்தை என்று முகம் சுளிக்கும் வீட்டில் அந்தத் தாய்க்கு ஒரே ஆதரவு நீங்களாக இருக்கலாம். கணியம்பாடி ஆய்வை நினைவில் வையுங்கள்.

5. எவ்வளவு நாள், எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்பதை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள்.

நண்பர்களே! நம்மில் எல்லோரும் இந்தத் தொழில்களுக்குப் போகப் போவதில்லை. ஆனால் நாளை நாம் சூபர்வைசர் ஆவோம், கான்ட்ராக்டர் ஆவோம், சிலர் அதிகாரியும் ஆவோம். விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் நாற்காலியில் நம்மில் ஒருவர் உட்காரும் நாளும் வரும். அன்றைக்குத் தாயின் தொழில் என்ற கட்டத்தில் எழுதியிருப்பதை அடிக்காமல் விட்டால் போதும். மருந்து தருபவர் மதிக்கப்படுவது போலத் துணை நிற்பவரும் மதிக்கப்பட வேண்டும். மரியாதை முதலில் வரட்டும். அதன் பின்னாலேயே நியாயமான சம்பளமும் வரட்டும்!



— மூன்றாம் ஆண்டு மாணவி,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு